சான்டா ஆற்றின் உச்சம் எப்போது கடந்தது? பெரு நாட்டின் பனிமலை நீர்வரத்து பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே ஆற்றைப் பற்றி ஏழு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. 2005-இல் வந்தது, நீர்வரத்து இன்னும் சில பத்தாண்டுகளுக்கு ஏறிக்கொண்டே இருக்கும் என்றது. 2012-இல் வந்தது, ஏற்றம் முடிந்துவிட்டது, இறக்கம் தொடங்கிவிட்டது என்றது. மலையில் பனிப்பாறைகள் சுருங்குகின்றன என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் கீழே பாசனம் செய்பவருக்கு இவ்விரண்டு பதில்களும் இரண்டு வேறு வாழ்க்கைகள். ஒன்றை நம்பினால் புதுக் கால்வாய் வெட்டலாம், மற்றதை நம்பினால் இருக்கிற கால்வாயை எப்படிப் பங்கிடுவது என்று இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும். இந்த முரண் எப்படி வந்தது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஆற்றின் பெயர் சான்டா. பெருவின் அன்காஷ் பகுதியில், கோனோகோச்சா ஏரியில் தொடங்கி, இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே வடக்கு நோக்கி ஓடுகிறது. கிழக்கே பனி மூடிய கோர்டில்லெரா பிளாங்கா, அதாவது வெள்ளை மலைத்தொடர். மேற்கே பனியே இல்லாத கோர்டில்லெரா நேக்ரா, கறுப்பு மலைத்தொடர். நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் வாராஸ், கார்வாஸ், யுங்காய், கராஸ் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கராஸைத் தாண்டியதும் ஆறு கான்யோன் டெல் பாத்தோ என்னும் இடுக்கில் நுழைந்து, மேற்கே திரும்பி, பாலைநிலத்தின் ஊடாகப் பசிபிக் கடலில் கலக்கிறது. அந்த இடுக்கில் 1958 முதல் ஒரு நீர்மின் நிலையம் இயங்குகிறது. கடற்கரைப் பாலையில் சாவிமோச்சிக் என்னும் பெரும் பாசனத் திட்டம் இதே ஆற்று நீரை வடக்கே கொண்டுபோய் அஸ்பாரகஸ் போன்ற ஏற்றுமதிப் பயிர்களை விளைவிக்கிறது. சாவோ, விரூ, மோச்சே, சிக்காமா என்ற நான்கு பள்ளத்தாக்குகளின் பெயர்களைக் கோத்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெப்பமண்டலப் பனிப்பாறைகள் உலகிலேயே மிகுதியாகத் திரண்டிருக்கும் மலை கோர்டில்லெரா பிளாங்காதான். அதன் உச்சி வாஸ்கரான், 6,768 மீட்டர். 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே பனியின் பரப்பு 723 சதுர கிலோமீட்டராக இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அதில் ஏறத்தாழ கால் பங்கு போய்விட்டது.

மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை பெய்துவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அந்த மாதங்களில் ஆற்றில் ஓடும் நீருக்கு இரண்டே ஆதாரங்கள்: மேலே உருகும் பனி, மலையடிவார மண்ணுக்குள்ளிருந்து கசியும் ஊற்று. ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு நீர் என்பதல்ல, ஜூலையில் எவ்வளவு என்பதுதான். ஆற்றில் எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிடும் கணித மாதிரிகளை மதிப்பிடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆண்டுச் சராசரி கச்சிதமாகப் பொருந்துகிறது என்று ஒரு மாதிரி பெருமைப்படலாம். ஆனால் ஜூலையைத் தவறவிட்டால் அது இந்தப் பள்ளத்தாக்குக்கு உதவாது.

விதைநெல் கணக்கு

பனிப்பாறை சமநிலையில் இருக்கும்போது, மேலே விழும் பனியும் கீழே உருகும் பனியும் ஆண்டுக் கணக்கில் சரிக்குச் சரியாக இருக்கும். அப்போதுகூட அது பயனுள்ள வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் விழுந்ததைப் பிடித்துவைத்து, வறண்ட மாதங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. வெப்பம் கூடியதும் இந்தச் சமநிலை உடைகிறது. வந்ததைவிட அதிகமாகக் கொடுக்கத் தொடங்குகிறது. ஆற்றில் நீர் கூடும். விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் வீட்டில் சில நாள் சோறு தாராளமாகத்தான் இருக்கும். அந்தத் தாராளத்தைப் பார்த்துவிட்டு நீர்வளம் பெருகிவிட்டது என்று எண்ணுவதுதான் பனிமலை ஆறுகளின் பெரிய ஆபத்து.

இதை எண்ணில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஒரு கற்பனைப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். பனிப்பரப்பு 10 சதுர கிலோமீட்டர். தொடக்கத்தில் ஆண்டுக்கு அரை மீட்டர் நீரளவுக்கு அது மெலிகிறது. அப்படியானால் 50 லட்சம் கன மீட்டர் கூடுதல் நீர். வெப்பம் ஏற ஏற, மெலியும் வேகம் ஆண்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் வீதம் கூடுகிறது என்று கொள்வோம். பரப்பை மாற்றாமல் கணக்குப் போட்டால் 20-ஆம் ஆண்டில் 100 லட்சம், 40-ஆம் ஆண்டில் 150 லட்சம், 60-ஆம் ஆண்டில் 200 லட்சம் கன மீட்டர் என்று கோடு நேராக மேலே போகும். ஆனால் மெலிகிற பனி சுருங்கவும் செய்யும். பரப்பு 20-ஆம் ஆண்டில் 9, 40-இல் 6, 60-இல் 3 சதுர கிலோமீட்டராகிறது என்றால், அதே ஆண்டுகளில் கிடைப்பது 90, 90, 60 லட்சம் கன மீட்டர். இடையில் எங்கோ ஓர் உச்சம் வந்து போய்விட்டது. 60-ஆம் ஆண்டில் முதல் கணக்கு வினாடிக்குச் சுமார் 630 லிட்டர் தருகிறது, இரண்டாவது 190 லிட்டர்தான் தருகிறது. இரண்டுக்கும் வெப்பநிலை ஒன்றே. வேறுபட்டது பரப்பைக் கையாண்ட விதம் மட்டும். ஒரே ஆற்றுக்கு இரண்டு எதிரெதிர் பதில்கள் வர இப்படிப்பட்ட ஒரு வேறுபாடே போதும்.

இந்த உச்சத்தைத்தான் ஆய்வாளர்கள் உச்சநீர் என்கிறார்கள். அது வரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எப்போது வரும் என்பது, பனி எவ்வளவு தடிமனாக இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பரப்பை இழக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. தடிமனை நேரே அளந்த பனிப்பாறைகள் மிகக் குறைவு. அதனால் பரப்பிலிருந்து கனஅளவை ஊகிக்கும் ஒரு சூத்திரத்தைப் பலரும் நம்பியிருக்கிறார்கள்: கனஅளவு, பரப்பின் 1.375-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பது அது. ஒரு மலைத்தொடரின் நூற்றுக்கணக்கான பனிப்பாறைகளை மொத்தமாக மதிப்பிட அது நல்ல கருவி. ஒரே ஒரு பனிப்பாறையைக் காட்டி இதன் ஆயுள் எத்தனை ஆண்டு என்று கேட்டால் அந்தச் சூத்திரத்தை நம்பி ஊர்க்காரர்களுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

இங்கே வெப்பமானி போதாது

ஆல்ப்ஸ் போன்ற இடங்களில் பனி உருகுவதைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நாளின் வெப்பநிலை சுழியத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்று பார்த்து, டிகிரிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று பெருக்கிவிடலாம். கோடையும் குளிர்காலமும் தெளிவாகப் பிரிந்திருக்கும் இடங்களில் இது வியக்கத்தக்க அளவுக்கு வேலை செய்கிறது. கோர்டில்லெரா பிளாங்காவில் ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, ஆண்டின் மாதங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. வெப்பமானி ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க, பனி மட்டும் பருவத்துக்குப் பருவம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

காரணம் காற்றின் ஈரம். ஒரு கிலோ பனியை உருக்க ஆகும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ எட்டரை மடங்கு வெப்பம் அதை நேரடியாக ஆவியாக்கத் தேவைப்படுகிறது. வறண்ட மாதங்களில் காற்று உலர்ந்திருப்பதால், வெயில் தரும் ஆற்றலில் ஒரு பகுதி இப்படி ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது, உருகுவது குறைகிறது. மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருக்கும். கிடைக்கும் ஆற்றல் முழுவதும் உருக்கப் பயன்படும். அதே மழைக்காலத்தில்தான் மேலே புதுப்பனியும் விழுகிறது. விழுவது வெண்பனியா மழையா என்பதைப் பொறுத்துப் பனிப்பாறையின் நிறம் மாறுகிறது. வெண்பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அழுக்கேறிய பழைய பனி அதை விழுங்கும். ஆகவே சில நூறு மீட்டர் உயரத்தில் பனிக்குப் பதில் மழை பெய்துவிட்டால், அந்த ஆண்டுக் கணக்கே தலைகீழாகிவிடும்.

இதை உணர்ந்து செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கைச் சேர்ந்த இர்ம்கார்ட் யூன், கேயோர்க் காசர் ஆகியோரின் குழு, இதே மலைத்தொடரின் யாங்கனூகோ பள்ளத்தாக்குக்கு மாத வாரியான மாதிரி ஒன்றைக் கட்டியது. வெப்பநிலையோடு மட்டும் நிற்காமல் மழை, ஈரம் ஆகியவற்றின் பங்கையும் அது சேர்த்துக்கொண்டது. அதன் முடிவு இன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது: எதிர்காலத்தில் ஆண்டு மொத்தம் பெரிதாக மாறாமல் இருக்கலாம், ஆனால் மழைக்காலத்தில் நீர் கூடும், வறண்ட காலத்தில் குறையும். 2005, 2012 ஆய்வுகளுக்கு நடுவே நின்று, கேள்வியையே சரியாக மாற்றியமைத்தது அதுதான்.

ஆற்றின் பழைய பதிவுகள்

மிஷேல் பரேர், பிரையன் மார்க், ஜெஃப்ரி மெக்கென்சி உள்ளிட்டோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. எதிர்காலத்தை நோக்கிக் கணக்கை ஓட்டுவதற்கு முன், ஆறு ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். அது சாத்தியமானதற்குக் காரணம் மின்சாரம். நீர்மின் நிலையத்துக்காக 1950-களிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் ஓடைகளில் அளவுகோல்கள் நடப்பட்டு, நாள்தோறும் நீரளவு எழுதிவைக்கப்பட்டது. வெப்பமண்டலப் பனிமலை ஒன்றின் அடியில் இவ்வளவு நீண்ட பதிவு கிடைப்பது அரிது.

அவர்கள் ஒன்பது அளவிடங்களைத் தேர்ந்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று அளவுகளைப் பார்த்தார்கள்: ஆண்டுச் சராசரி நீரோட்டம், வறண்ட கால நீரோட்டம், நீரோட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அலைவு. ஒவ்வொரு தொடரிலும் ஏற்றமோ இறக்கமோ உண்மையானதுதானா என்று மான்–கெண்டல் சோதனையால் சோதித்தார்கள். இந்தச் சோதனையின் உத்தி எளியது. ஒவ்வோர் ஆண்டின் எண்ணையும் அதற்குப் பின்வரும் எல்லா ஆண்டுகளின் எண்ணோடும் ஒப்பிட்டு, எத்தனை முறை கூடியது, எத்தனை முறை குறைந்தது என்று எண்ணுவார்கள். எவ்வளவு கூடியது என்பதைப் பொருட்படுத்த மாட்டார்கள். அதனால் ஒரு பெருவெள்ள ஆண்டு மொத்த முடிவையும் தன் பக்கம் இழுத்துவிட முடியாது.

இதில் மாதிரியின் இடம் எது? பனிப்பாறை ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே போனால் இந்த மூன்று அளவுகளும் எந்த வரிசையில் மாறும் என்று ஒரு செயற்கைத் தொடரை உருவாக்க அவர்கள் மாதிரியைப் பயன்படுத்தினார்கள். அதில் நான்கு கட்டங்கள் தெரிந்தன. முதலில் நீரோட்டம் ஏறும். அடுத்து ஏற்றம் தளர்ந்து உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். மூன்றாவது கட்டத்தில் இறக்கம் விரைவாகும். கடைசியில் பனியின் பங்கே இல்லாமல், மழையும் ஊற்றும் தருவது மட்டும் மிஞ்சும். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, ஒவ்வோர் ஓடையின் உண்மைப் பதிவையும் இந்த நான்கு கட்டங்களோடு வைத்து, அந்த ஓடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டார்கள்.

முடிவு கனமானது. ஒன்பதில் ஏழு நீர்ப்பிடிப்புப் பகுதிகள் திருப்புமுனையைத் தாண்டிவிட்டிருக்க வேண்டும், அவற்றில் வறண்ட கால நீரோட்டம் குறைந்துவருகிறது. பனிப்பாறைகள் முழுவதும் கரைந்துபோனால், ஆண்டு நீரோட்டம் இடத்துக்கு இடம் 2 முதல் 30 விழுக்காடு வரை இன்றையதைவிடக் குறையும். மேல் சான்டாவின் நீர் முழுவதும் கடந்து செல்லும் லா பல்சா அளவிடத்தில், வறண்ட காலச் சராசரி 30 விழுக்காடு வரை குறையலாம். 2 விழுக்காடும் 30 விழுக்காடும் ஒரே மலையில் அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளுக்கு உரிய எண்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மலைத்தொடர் முழுமைக்கும் ஒரே எண் சொல்பவரிடம், எந்த ஓடைக்கு என்று திருப்பிக் கேட்பது நல்லது.

30 விழுக்காடு என்பது அழிவின் எண் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அது ஜூலை மாதத்தின் 30 விழுக்காடு. மின் நிலையமும் கடற்கரைத் தோட்டங்களும் மலைச்சரிவின் உருளைக்கிழங்குக் காடுகளும் ஒரே சமயத்தில் கை நீட்டும் மாதம் அது.

ஊற்றின் பங்கு

பனி முழுவதும் போனபின்னும் ஆறு வற்றிவிடாது என்பதற்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. பனிப்பாறைக்குக் கீழே, செங்குத்தான இரு சுவர்களுக்கு நடுவே பம்பா என்றழைக்கப்படும் புல்வெளிகள் தட்டையாக நீண்டு கிடக்கின்றன. அவற்றின் அடியில் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற கல்லும் மணலும், பக்கச் சுவர்களிலிருந்து சரிந்த பாறைக்குவியலும் அடுக்கடுக்காக உள்ளன. மழைக்காலத்தில் அவை நீரைக் குடித்து, வறட்சியில் கசியவிடுகின்றன. நம் ஊரில் கண்மாய் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகள் ஊறுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த ஊற்றையும் பனிநீரையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் கையாண்ட முறையை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையுயர்ந்த கருவி இல்லாமல் களத்தில் செய்யக்கூடிய நேர்த்தியான வேலை அது. ஓர் ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்குப் போகிறார்கள். சேருமிடத்துக்கு மேலே ஆற்றில் ஒரு புட்டி நீர், ஓடையில் ஒரு புட்டி, சேர்ந்து கலந்தபின் கீழே ஒரு புட்டி. பனிநீரில் உப்புகள் மிகக் குறைவு. பாறைக்குள் நெடுநாள் தங்கி வந்த ஊற்றுநீரில் கால்சியம், சல்ஃபேட் போன்றவை கரைந்திருக்கும். உயரமான இடத்தில் விழுந்த பனியில் கனமான ஆக்சிஜன் அணுக்களின் பங்கும் குறைவாக இருக்கும். மூன்று புட்டிகளின் எண்களையும் வைத்துக் கலவைச் சமன்பாடு எழுதினால், எந்த நீர் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடுகிறது. கேரோகோச்சா தொடங்கிப் பல பள்ளத்தாக்குகளில் இப்படிச் செய்தபோது, வறண்ட காலத்தில் ஊற்றின் பங்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிது என்று தெரிந்தது. பனி உருகுவதை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, மண்ணை ஒரு வாளியைப் போல வைத்துக்கொள்ளும் மாதிரிகள் இங்கேதான் தடுமாறுகின்றன.

நீரின் அளவோடு அதன் தன்மையும் மாறுகிறது. பனி விலகியதும் வெளிப்படும் சில பாறைகளில் கந்தகக் கனிமங்கள் உண்டு. காற்றும் நீரும் பட்டதும் அமிலமாகி, இரும்புத் துருவின் நிறத்தில் ஓடைகள் சிவக்கின்றன. பாஸ்தோரூரி பனிப்பாறையின் அடியில் இதைச் சுற்றுலாப் பயணிகளே பார்க்கலாம். வினாடிக்கு இத்தனை லிட்டர் என்று நாம் எழுதும் எண்ணில் இந்தச் சிவப்பு தெரியாது. அந்த நீரை மாட்டுக்குக் காட்டுபவருக்குத் தெரியும்.

மதகு யார் கையில்

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும், கீழே ஓடும் நீரை மாதிரி சொல்லிவிடுமா? பரோன் ஏரியைப் பார்த்தால் சொல்லாது என்று தெரியும்.

கராஸ் நகருக்கு மேலே உள்ள பரோன், இந்த மலைத்தொடரின் மிகப் பெரிய ஏரி. இங்கே ஏரி உடைவது என்றால் மக்களுக்கு உயிர்ப்பயம். 1941 டிசம்பர் 13 அன்று பல்ககோச்சா ஏரி உடைந்து வாராஸ் நகரின் மூன்றில் ஒரு பங்கை அடித்துச் சென்றது. 1950-இல் இன்னோர் ஏரி உடைந்து, கட்டி முடிக்கப்படவிருந்த கான்யோன் டெல் பாத்தோ மின் நிலையத்தை நாசமாக்கியது. அந்த அனுபவத்தால் பரோன் ஏரியின் மட்டத்தைக் குறைக்க 1980-களில் பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். பிறகு அதன் மதகு, மின் நிலையத்துக்கு வேண்டிய நேரத்தில் நீர் விடும் கருவியாகவும் ஆனது. மின்சாரத்துக்கு ஏற்ற நேரம் வேறு, வயலுக்கு ஏற்ற நேரம் வேறு. மட்டுமீறித் திறந்துவிட்ட நீர் வாய்க்கால்களை அரித்தது. கீழே உள்ள விவசாயிகளும் நகர மக்களும் நெடுநாள் முறையிட்டார்கள். 2008 ஜூலையில் அவர்கள் மலையேறிப் போய் மதகைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஓடையின் நீரோட்ட வரைபடத்தில் அந்த நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டைப் பனியால் விளக்க முடியாது. வரலாற்றாய்வாளர் மார்க் கேரியும் பரேர், பிரையன் மார்க் உள்ளிட்டோரும் 2014-இல் எழுதிய ஆய்வு இதைத்தான் வலியுறுத்துகிறது. கடந்த அறுபது ஆண்டுகளில் சான்டா ஆற்றின் நீர்ப் பயன்பாட்டை மாற்றியவை என்று அவர்கள் ஐந்து மனிதக் காரணங்களைக் காட்டுகிறார்கள்: அரசியலும் பொருளாதார வளர்ச்சியும், சட்டமும் நிர்வாகமும், தொழில்நுட்பம், நிலப் பயன்பாடு, மக்களின் எதிர்வினை. பாலைநிலத்தில் பாசனம் விரிந்தது ஆற்றில் நீர் கூடியதால் அல்ல. ஏற்றுமதிச் சந்தையும் அரசின் திட்டமும் அதை விரித்தன. மேலே இருப்பு குறைந்துவந்த அதே ஆண்டுகளில் கீழே தேவை ஏறியது. ஒரு மாதிரியில் கீழ்நிலைத் தேவையை மாறாத எண்ணாக வைப்பது, பனிப்பரப்பை மாறாததாக வைப்பதற்குச் சற்றும் குறையாத பிழை என்பதே என் கருத்து.

உலகளாவிய கணக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் கதையோடு ஒத்துப்போகிறது. மத்தியாஸ் ஹுஸ், ரெகினே ஹாக் இருவரும் 2018-இல் 56 பெரிய ஆற்றுப்படுகைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ பாதியில் உச்சநீர் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று கண்டார்கள். பெரிய பனிப்பாறைகள் உள்ள படுகைகளில் உச்சம் தாமதமாக வரும். சிறியவை முதலில் தீர்ந்துபோகும். கோர்டில்லெரா பிளாங்காவில் பெரும்பாலானவை சிறியவை.

இந்த ஆய்வில் என் மனத்தை உறுத்தும் இடம் வேறொன்று. 1990-களில் மின்துறை தனியார் கைக்குப் போன பிறகு, ஓடைகளில் நீரளவு எழுதும் வேலை பல இடங்களில் நின்றுபோனது. அந்த எண்களால் உடனடி வருமானம் இல்லை. பத்தாண்டுக்குப் பிறகு ஆய்வாளர்கள் அதே ஓடைகளுக்குப் போய்ப் புதிய கருவிகளைப் பொருத்தி, பழைய பதிவின் முனையோடு புதிய பதிவை இணைக்க முயன்றார்கள். வரைபடத்தில் 1950-களிலிருந்து வரும் கோடு ஓரிடத்தில் முடிகிறது. கொஞ்சம் வெற்றிடம். பிறகு புதிய புள்ளிகள் தொடங்குகின்றன. பனி வேகமாகச் சுருங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளின் ஒரு பகுதி அந்த வெற்றிடத்துக்குள் இருக்கிறது. அந்த ஜூலை மாதங்களில் எவ்வளவு நீர் ஓடியது என்பதை எந்த மாதிரியும் இனி அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.